ரயில் ரூம் சாவி

அந்தக் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் அங்கேயே தங்கியாக வேண்டும். வீடு எதிர்த் தெருவிலேயே இருந்தாலும் சரி, பெட்டி படுக்கையோடு வந்து சேர வேண்டியதுதான். தங்குவதிலும் தராதரம் உண்டு. வசதியானவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் தனி அறை. அதற்கு வழியில்லாத பெண்களுக்குப் பழைய பிளாக்கில் மூன்று பேருக்கு ஓர் அறை. கடைசி வருடம் வந்தபின் வார்டன் கையெழுத்துப் போட்டால், தோழிகளாகச் சேர்ந்து வெளியே வீடு பார்த்துக்கொண்டு போகலாம். பழைய பிளாக்கில் யாருக்கு எந்த அறை என்பதை வார்டனம்மாதான் முடிவு செய்தாள். அதில் பிரின்சிபால்கூடத் தலையிட்டதில்லை.

முதுகுக்குப் பின்னால் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் தொங்கும் சாவிகள் அவளுக்கு முன்பாகவே படியேறி வந்துவிடும். சத்தம் கேட்டதும் வராந்தா கப்சிப். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சாவிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பதுங்கிப் போய் யாரையும் பிடித்ததில்லை. வயசுப் பிள்ளைகள், ஒளிக்க வேண்டியதை ஒளித்துக்கொள்ள ஒரு நிமிஷமாவது கொடுக்க வேண்டாமா என்பாள்.

இரண்டு வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள். புருஷன் என்று ஒருவர் இருந்தார். வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். வேலை கிடைத்தது, கூடவே வேறொரு குடும்பமும் கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார். மகராசன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். வார்டனம்மாவுக்குக் கேட் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். மகள் அங்கேதான் நடை பழகினாள், அங்கேதான் அவளுக்குப் பல் விழுந்து முளைத்தது, அங்கேயே ஆளானாள்.

கல்லூரி திறக்கும் நாளில் வார்டனம்மாவைப் பார்க்க வேண்டும். அலுவலக அறைச் சுவரில் ஆணி அடித்த பலகை. ஒவ்வோர் ஆணியிலும் ஓர் அறையின் சாவி. புதுப் பெண்கள் மெத்தையும் வாளியுமாக வரிசையில் நிற்பார்கள். அவள் பெண்ணை ஒரு பார்வை பார்ப்பாள், கூட வந்திருக்கும் அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள், கை தானாக ஓர் ஆணிக்குப் போகும். வாயே திறக்காத பெண்ணை வாயாடிகளுக்கு நடுவில் போடுவாள். அம்மா முந்தானையை விடாத பெண்ணைக் கிணற்றடிப் பக்கத்து அறையில் போடுவாள். அங்கே எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், அழக்கூட நேரம் கிடைக்காது. ஒரு மாதத்துக்கு அறை மாற்றல் என்ற பேச்சே கூடாது என்பது அவள் சட்டம். பெரும்பாலும் ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

ஓர் அறைக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. மூன்றாவது மாடியின் மூலை அறை. சுவருக்கு அந்தப் பக்கம், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை எந்தப் புண்ணியவான் கொண்டுபோய் வைத்தானோ தெரியாது. விடிவதற்கு முன்னால் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அது ஓடும். ஓடும்போது மேசைமேல் வைத்த டம்ளர் தானாக நடந்து விளிம்புக்குப் போகும். ஜன்னலைத் திறந்தால் மெஸ் புகைபோக்கி. பெண்கள் அதற்கு ரயில் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசியாக வருகிறவர்கள் தலையில்தான் அந்தச் சாவி விழும். நாலு நாள் கழித்துக் கண் வீங்கி, மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்பார்கள். "உனக்கு மட்டும்தான் மாத்தறேன், வெளிய சொல்லாத" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வேறு அறைக்கு மாற்றிவிடுவாள். அதற்காகவே அங்கங்கே சில கட்டில்களைக் காலியாக வைத்திருப்பாள். பாதி வருடம் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தபோது வார்டனம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆபீசில் சொல்லி, மகள் குவார்ட்டர்ஸிலேயே தங்கிப் படிக்கலாம் என்று அனுமதியும் வாங்கிவிட்டாள். புது மேசை, மேசைக்கு ஒரு விளக்கு. திறப்பு நாளன்று காலையில் மகள் வரிசையில் வந்து நின்றாள். கையில் வாளி.

"எனக்கும் ஒரு சாவி குடும்மா."

வார்டனம்மா சிரித்தாள். "உனக்கெதுக்குடி சாவி? நம்ம வீடு இங்கதானே இருக்கு."

"அது வீடா? கேட் பக்கத்துல ரெண்டு ரூம். எவ வேணா எப்ப வேணா வந்து கதவத் தட்டலாம்."

"தட்டத்தான் செய்வாங்க. அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க."

"அதான் சொல்றேன். இத்தனை வருஷமா இவங்களுக்கெல்லாம் வார்டனா இருந்த. எனக்கும் கொஞ்ச நாள் வார்டனா இரேன். பாக்கறேன்."

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வார்டனம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மகள் சொன்னதில் இருந்த சிறுமை மட்டும்தான் அந்த நேரத்தில் அவள் காதில் விழுந்தது. ஊரார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப் போனவள்தான். அப்போதெல்லாம் இந்தப் பிள்ளை கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தனியாகப் படுத்துக் கிடந்தது. சத்தமாகச் சிரித்தால் வார்டன் வீட்டிலேயே ஒழுங்கில்லை என்பார்கள் என்று அதன் வாயை அடைத்து வைத்ததும் அவள்தான். கூட விளையாடவும் ஆள் கிடையாது, வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று பெரிய பெண்கள் விரட்டிவிடுவார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வரிசையில், நாலு பேருக்கு நடுவில், பெற்ற பெண் கேட்டுவிட்டாளே என்ற ஆத்திரம் கண்ணை மறைத்தது.

கை பலகைக்குப் போனது. நல்ல அறைச் சாவிகள் நிறையத் தொங்கின. அவள் எடுத்தது ரயில் ரூம் சாவியை.

யோசிக்காமல் எடுத்தாள் என்று சொல்வதற்கில்லை. அதே அறைக்கு வேறு இரண்டு பெண்களையும் பொறுக்கிப் போட்டாள். ஒருத்தி பாடத்தை உரக்க ஒப்பித்து, நடந்துகொண்டே படிக்கிறவள். இன்னொருத்தி நீச்சல்காரி, நல்ல ஆகிருதி. அவள் குறட்டை பக்கத்து அறை வரைக்கும் கேட்கும் என்று அவள் அப்பாவே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகளுக்கோ எறும்பு ஊர்ந்தாலும் விழிப்பு வந்துவிடும். நாலு நாள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம். தானாக வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். வந்தால் ஒரு வார்த்தை குத்திக் காட்டக் கூடாது, தோசை சுட்டுப் போட்டுத் தூங்க விட வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் மகள் படுக்கையைத் தட்டி விரித்து வைத்தாள்.

வாரம் போனது. வரவில்லை.

மோட்டார் போடுகிற பெரியவர் வந்து தலையைச் சொறிந்தார். "என்னம்மா இது, பெத்த பொண்ணப் போய் அந்த ரூம்ல போட்டிருக்கீங்க? நான் வேணா மோட்டார விடிஞ்சப்புறம் போடட்டுமா?"

"யாருக்காகவும் நேரத்த மாத்த வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"கல்லு மனசும்மா உங்களுக்கு," என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் துணி துவைக்க வந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவளை வார்டனம்மா கதவோரம் நின்று பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு தாய்க்கு வரக் கூடாத சந்தோஷம் அவளுக்கு வந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று நினைத்தாள்.

"தூக்கம் வருதா?"

"வருது."

"சாப்பாடு?"

"நல்லாத்தான் இருக்கு."

மெஸ் சாப்பாட்டை நல்லா இருக்கு என்று சொன்ன முதல் ஆள் அந்தக் கட்டடத்திலேயே அவளாகத்தான் இருப்பாள். மகள் துணியைப் பிழிந்து, காய்வதற்குக்கூட நிற்காமல் ஈரத்தோடு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று வார்டனம்மா காத்திருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் வார்டனம்மா மூன்று மாடியும் ஏறி இறங்குவாள். ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, என்னடி, சாப்பிட்டியா, தலைவலி எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பாள். மூலை அறைக்கு மட்டும் போகமாட்டாள். அதற்கு முந்தின வாசல் வரை போய்த் திரும்பிவிடுவாள். போய்ப் பார்த்தால் தன்னையறியாமல் "வாடி கீழே" என்று கூப்பிட்டுவிடுவோம் என்று பயம். கூப்பிட்டால் தோற்றுப் போனது மாதிரி. தானாக வந்தால்தான் வந்தது. இந்த வீம்பை வைத்துக்கொண்டு அந்தப் பருவம் முழுவதையும் ஓட்டினாள்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. இந்தத் தாய்க்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள். வாரா வாரம் துணி துவைக்க வந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆனது. அப்புறம் மாடியிலேயே துவைத்துக்கொண்டாள். பருவ முடிவில் அறை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பாதி பிளாக் வந்து வரிசையில் நின்றது. ரயில் ரூமிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. மூன்று குரல். அதில் மகள் குரல் எது என்று வார்டனம்மாவுக்கு உடனே தெரியவில்லை. அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்துக் கேட்டதே இல்லை.

வருட முடிவில் பெற்றோர் கூட்டம். பிரின்சிபால் மேடையேறி, நேர்மை, பாரபட்சமின்மை என்றெல்லாம் நீட்டி முழக்கிவிட்டு, "நம்ம வார்டனம்மாவப் பாருங்க. சொந்த மகளுக்கே இந்தக் கட்டடத்துல எது மோசமான ரூமோ அதைக் குடுத்திருக்காங்க. குவார்ட்டர்ஸ்ல வச்சுக்க அனுமதி இருந்தும் வச்சுக்கல!" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வார்டனம்மா எழுந்து கும்பிட்டாள். கூசிப் போய், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். மகள் பின்வரிசையில் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வருடமும் மூன்று பேரும் அதே அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கடைசி வருடம் வெளியே வீடு பார்த்துக்கொண்டு, கையெழுத்துக்கு வந்து நின்றார்கள். ஒப்பிக்கிறவள்தான் பேசினாள். மகள் சுவரில் சாவிப் பலகையைப் பார்த்தபடி நின்றாள். வார்டனம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மற்றப் பெண்களுக்குச் சொல்வதைப் போலவே, "கேஸ மூடிட்டுப் படுங்க, கதவத் தாழ்போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார். புதிதாக உதவி வார்டன் வருகிறாளாம். கைக்குழந்தைக்காரி, வீட்டுக்காரரும் கூட வருகிறார்.

"குவார்ட்டர்ஸ் குடும்பத்தோட இருக்கறவங்களுக்குத்தாம்மா. சட்டம் உங்களுக்குத் தெரியாததா? தனியா இருக்கற வார்டன் பிளாக்குலதான் ஒரு ரூம் எடுத்துக்கணும்."

"எம்பொண்ணு இருக்காளே சார்."

மேனேஜர் சங்கடமாகச் சிரித்தார். "அவங்க முதல் நாள்லேர்ந்தே ஹாஸ்டல்லதானேம்மா இருந்தாங்க. பிரின்சிபாலே மேடையில சொன்னாரே. இப்ப வெளிய வேற போயாச்சு. பொண்ணு உங்களோட வந்து இருக்கேன்னு சொன்னா சொல்லுங்க, நான் பேசிப் பாக்கறேன்."

மறுநாள் மத்தியானம் வார்டனம்மா மகள் இருக்கும் வீட்டைத் தேடிப் போனாள். கடைத்தெருவில் ஒரு மாடி வீடு. கீழே இரும்புப் பட்டறை, சம்மட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. நீச்சல்காரி கதவைத் திறந்து, "வாங்கம்மா, தூங்கிட்டிருக்கா, எழுப்பட்டுமா?" என்றாள். உள்ளே ஒப்பிக்கிறவள் புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தனை சத்தத்துக்கும் நடுவில், பாயில், வாயைத் திறந்தபடி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எறும்பு ஊர்ந்தால் விழித்துக்கொள்கிற பெண். குவார்ட்டர்ஸில் ஒரு நாள்கூட அவள் இப்படித் தூங்கி வார்டனம்மா பார்த்ததில்லை.

"எழுப்பாதம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். வழியெல்லாம் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

அந்த வருடத் திறப்பு நாளிலும் பலகை முன்னால் நின்று சாவிகளைக் கொடுத்தாள். ரயில் ரூம் சாவிக்கு மட்டும் கை போகவில்லை. கடைசியாக வந்த பெண்ணைக்கூட வேறெங்கோ நெருக்கிப் போட்டாள். மாலையில் பலகை காலியாகி, ஓர் ஆணியில் ஒரே ஒரு சாவி மிச்சம் இருந்தது. அதை எடுத்துத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

சாமான் மாற்றுகிற அன்று மகள் வந்தாள். யார் சொன்னார்களோ, வார்டனம்மா கேட்கவில்லை. அம்மாவும் பெண்ணும் மோட்டார் பெரியவருமாகப் பெட்டிகளை மூன்று மாடி ஏற்றினார்கள். பீரோ படியில் திரும்பவில்லை. கீழேயே விட்டுவிட்டார்கள். புது உதவி வார்டன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களால்தானே என்கிற முகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தாள். பெரியவர் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி இறங்கிப் போனார்.

மூன்று கட்டில்கள். வார்டனம்மா சுவரோரக் கட்டிலில் மெத்தையை விரிக்கப் போனாள்.

"அது வேண்டாம்மா. அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் மோட்டார். தலை விண்ணு விண்ணுனு ஆயிடும். கதவு பக்கம் போட்டுக்க. ஜன்னல சாயங்காலம் தொறக்காத, மெஸ் புகை வரும். காத்து வேணும்னா காலைல தொறந்து வையி."

எங்கே எதை வைப்பது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். டம்ளரை மேசையில் வைக்காதே, தரையில் வை. துணிக் கொடியை இந்த ஆணியில் கட்டினால் அறுந்துவிடும், அந்த ஆணியில் கட்டு.

"நீ எந்தக் கட்டில்ல படுத்த?"

மகள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சுவரோரம்தான். மத்த ரெண்டு பேரும் முதல் நாளே அழுதுட்டாங்க. நான் வார்டன் பொண்ணாச்சே."

வார்டனம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் வேணும்னேதான் உனக்கு இந்த ரூமக் குடுத்தேன்டி."

"தெரியும்மா. சாவியக் கையில வச்சப்பவே தெரியும். சின்னதுலேர்ந்து உன் பின்னாடியே சுத்தினவ நான். இந்த ரூம்லேர்ந்து எத்தனை பேர நீ மாத்தினேன்னு நான் பாக்கலையா?"

"தெரிஞ்சுமா வரல? ஒரு தடவ இறங்கி வந்திருந்தா..."

மகள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நீ வந்து கூப்பிடுவேன்னு இருந்தேன்மா. முதல் டெர்ம் முழுக்க. சாயங்காலமானா படியில சாவி சத்தம் கேக்கும். ஒவ்வொரு ரூமா வரும். பக்கத்து ரூம்ல நின்னு அவகிட்ட தலைவலி எப்படி இருக்குன்னு கேப்ப. நான் இங்க கட்டில்ல ரெடியா உக்காந்திருப்பேன். வாளியெல்லாம் எடுத்து வச்சிட்டு." மடித்ததைக் கட்டிலில் வைத்தாள். "அப்புறம் சத்தம் திரும்பிப் போயிடும்."

மகள் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது வார்டனம்மா திருப்பித் திட்டியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். அவள் பழைய கதை சொல்வதைப் போலச் சொல்லிவிட்டாள். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்.

"நேரமாச்சும்மா. அவங்க காத்துட்டிருப்பாங்க. வரேன்."

"சாப்பிட்டுட்டுப் போயேன்."

"எங்க சமைப்ப? இங்க அடுப்பு வைக்கக் கூடாதே."

ஆமாம், வைக்கக் கூடாது. சட்டம் போட்டவளே அவள்தான். வாரத்துக்கு ஒரு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கி, கேட் வரைக்கும் போய் நின்றது.

கதவுப் பக்கத்துக் கட்டிலில் மகள் விரித்து வைத்துவிட்டுப் போன மெத்தையை வார்டனம்மா சுருட்டி எடுத்தாள். சுவரோரக் கட்டிலில் விரித்துப் படுத்தாள். இடுப்புச் சாவிகளைக் கழற்றவில்லை. சற்று நேரத்தில் பெரியவர் மோட்டாரைப் போட்டார்.